சரோஜாவின் மூளையில் மறுபக்கம்

8-7-74, திங்கள்
காலையிலேயே புழுக்கம். அரக்கோணத்தில் மெட்ராஸ் ரயில் முக்கால் மணி நிறுத்தம். குடை மறந்தாச்சு.

சரோஜாவின் மூளை மூன்று வாரம் ஃபார்மலின் திரவத்தில் ஊறி இறுகி, இன்று வெட்டத் தயார். பள்ளிப்பட்டு பஸ் கண்டக்டர் முனுசாமியின் மனைவி. இருபத்தொன்பது வயது. தலைக்குள் இருந்த கட்டியை முழுசாக எடுத்துவிட்டதாகச் சொன்னார் சர்ஜன். நாலே மாதத்தில் அது மறுபடி வளர்ந்துவிட்டது; போன மாதம் இறந்தாள். பரிசோதிக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் முனுசாமி.

புரொபசர்: "கட்டி இருந்த இடத்து ஓரத்தை மட்டும் பாரு, போதும்."

எனக்குப் போதாது. தள்ளித் தள்ளி, மறுபாதி மூளை வரை இருபத்திரண்டு துண்டு எடுத்தேன்.

9, செவ்வாய்
சாயங்காலம் திருத்தணி ஸ்டேஷன் வாசலில் முனுசாமி. காக்கிச் சட்டையோடு.

"தலவலின்னு அழுதுகினே இருந்தா டாக்டரம்மா. கண்ணு கோளாறுன்னு நெனச்சி கண்ணாடி வாங்கிக் குடுத்தேன். ரெண்டு மாசம் ஓடிப்போச்சி. நீதான் கொன்னுட்டேன்னு சொல்றாங்க மாமியார். பொண்ண என்கிட்ட வுட மாட்டேன்றாங்க. முன்னாடியே இட்டுகினு வந்திருந்தா பொழச்சிருப்பாளா?"

தெரியாது என்றேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இரவு இருபத்திரண்டு துண்டின் பட்டியலைச் சரிபார்த்ததில் தோசை ஆறிவிட்டது. அம்மாவிடம் திட்டு.

12, வெள்ளி
ஸ்லைடுகள் தயார்.
கட்டியின் ஓரம்: கட்டியின் செல்கள் நிறைய. எதிர்பார்த்ததுதான்.
இரண்டு விரற்கடை தள்ளி: கட்டி இல்லை. ஆனால் அதே செல்கள், தனித்தனியாக. ரத்தக் குழாய்களைச் சுற்றி, நரம்பிழைகளுக்கு நடுவே வரிசையாக.
இரண்டு பாதியையும் இணைக்கும் பாலம்: இருக்கிறது.
மறுபக்கம்: இருக்கிறது.

கண் எரிச்சல். வேறு சாயம் ஏற்றித் திரும்பப் பார்த்தேன். அதேதான்.

புரொபசர் பத்து நிமிடம் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை. "இதுக்கு ஓரம்னு ஒண்ணே இல்லையேம்மா."

இதே கட்டியால் இறந்த பழைய கேஸ்கள் ஒன்பதின் மூளையையும் இதே மாதிரி வெட்டச் சொன்னார். வெட்டுவேன்.

14, ஞாயிறு
முதல் பஸ். பள்ளிப்பட்டில் முனுசாமியைக் கூட்டிக்கொண்டு அவர் மாமியார் வீடு. மாமியாருக்குத் தமிழ் அரைகுறை, என் தெலுங்கு சந்தைத் தெலுங்கு. இரண்டையும் கலந்து சொன்னேன். சர்ஜனின் கத்தி எட்டாத இடத்துக்கெல்லாம் அந்தக் கட்டி ஒவ்வொரு செல்லாகப் போயிருந்தது. கண்ணாடி வாங்கிய சமயத்திலேயே போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இவர்மேல் பழி போட என் ஸ்லைடில் எதுவும் இல்லை.

அந்த அம்மாவும் தெலுங்கும் தமிழுமாகவே கேட்டார்:

"உள்ள பரவிக்கினு போறப்போ அவளுக்கு வலிச்சிருக்குமா?"

"தலைவலி இருந்திருக்கும்மா. அது பரவுறது தெரிஞ்சிருக்காது."

முனுசாமி வாசலோடு நின்றுவிட்டிருந்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல். அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். பேத்தியிடம் சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது:

"உங்க நைனாக்கும் ஒரு தட்டு வை."