பூட்டனார் திரும்பிவந்த கதை

3 மார்ச் 1994, ஹல்
ஆவணக் காப்பகத்தில் மைக்ரோபிலிமை ஒழுங்காகச் சுற்றத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பதினாலு வயதில் பள்ளியை விட்டவன். பேராசிரியர் ஒருவர் என்னிடம் சந்தேகம் கேட்டார். (பென்சில்தான் கேட்டார்.)

தங்கை எட்னாவுக்கு அத்தாட்சி வேண்டுமாம். 1958-இல் கணவன் வால்டர் அவளை விட்டுப் போனபோது நான்தான் சொன்னேன்: நம் பூட்டனார் ஏமஸ் கோபித்துக்கொண்டு கப்பலேறினார், ஏழு வருஷம் கழித்துக் கிளிக்கூண்டோடு மனைவி கெஸியாவிடமே வந்து சேர்ந்தார் என்று. கிளி என் கைச்சரக்கு. ஏழு வருஷமும்தான். எட்னா அன்றிலிருந்து காத்திருக்கிறாள். இப்போது டாக்டர் அவளுக்குக் கோடைவரைதான் கெடு கொடுத்திருக்கிறார்.

அவள் மகள் ஜேனட் கேட்கிறாள்: “கிளி என்ன நிறம்னு பதிவேட்டுல போட்டிருக்கா மாமா?”

11 மார்ச்
1881 மக்கள்தொகைக் கணக்கு. கெஸியா தாக்ரே, துணி வெளுப்பவள், விதவை.
அப்படியானால் கடல்தான் அவரைக் கொண்டுபோயிருக்கிறது. வர மனமிருந்தும் வர முடியாமல் போனவர்! இதையே எட்னாவிடம் சொல்லலாம். அலையின் உயரத்தைக்கூட முடிவு செய்துவிட்டேன்.

18 மார்ச்
காப்பகத்து ஊழியர் பிளெங்கின் அம்மாள் கிரிம்ஸ்பி திருமணப் பதிவேட்டைக் காட்டினார். 1877. ஏமஸ் தாக்ரே, மீன்பிடிப்பவர், மனைவியை இழந்தவர். அப்பா பெயர், அப்பா தொழில் எல்லாம் பொருந்துகிறது. மணப்பெண் வேறொருத்தி.

“ஏழைங்களுக்கு விவாகரத்துக்கு ஏதுங்க வசதி? அவ இங்க அவனக் காகிதத்துல சாகடிச்சிடுவா, அவன் அங்க அவளச் சாகடிச்சிடுவான். வாரத்துக்கு இப்படி ரெண்டு பாக்குறேன் நான்” என்றார் அம்மாள்.

கிரிம்ஸ்பி ஆற்றுக்கு அக்கரைதான். படகும் ரயிலுமாய் ஒரு காலைப்பொழுது.

19 மார்ச்
முப்பத்தாறு வருஷம். என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

2 ஏப்ரல்
எட்னாவிடம் போனேன். புயலில்தான் ஆரம்பித்தேன்.
“அண்ணே, அந்த அலைய நிறுத்து. வந்தாரா, வரலையா?”
“வரல.”
“ஏழு வருஷம்னியே?”
“நானாச் சொன்னது.”

ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். பிறகு கேட்டாள்: “தபால்காரர் ஹெர்பர்ட் இப்ப எங்க இருக்காரு?”
1966-இல் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தவர். வால்டர் வந்துவிடுவார் என்று அனுப்பிவிட்டாள்.
“அவர் தவறிப்போய்ப் பதினோரு வருஷமாச்சும்மா.”
“யாரையாவது கட்டிக்கிட்டாரா?”

ஒரு மனைவி, நாலு பிள்ளைகள், கடற்கரையோரம் ஒரு வீடு — எல்லாம் என் கைச்சரக்காய் நாக்கு நுனியில் இருந்தன.
“இல்ல” என்றேன்.