ஈடுகட்ட நட்ட மரங்கள்

இன்று காலை மரக்கன்று வண்டி வந்தது. கறுப்புப் பைகளில் ஈரச் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த வாசம். காவலுக்குப் போன நாட்களில் உங்கள் சட்டையில் இருந்த அதே வாசம். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பைகளை இறக்கி வைத்தேன்.

நீங்கள் இருந்தபோது சங்ககிரிப் பக்கம் ரோட்டை அகலமாக்கக் கரட்டு முள்காட்டை அழித்தார்கள். அதற்கு ஈடாக, மேச்சேரிக்கு வெளியே நம் ஆடுகள் மேய்ந்த புல்வெளியில் மரம் நடப்போவதாகக் கூட்டம் போட்டுச் சொன்னார்கள்.

"கணக்குல இது தரிசும்மா. மரம் வந்தா நல்லதுதானே?" என்றார் அதிகாரி. நல்ல மனிதர்தான். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

"தரிசுன்னா எங்க ஆடு இத்தன வருசமா எதைத் தின்னுச்சுங்க?" என்று கேட்டீர்கள். அவர் தலையாட்டினார். பிறகு கம்பிவேலி வந்தது. குழி தோண்டிய அன்று, வெட்டவெளியில் முட்டையிட்டிருந்த ஆள்காட்டிக் குருவிகள் பொழுது சாயும்வரை கத்திக்கொண்டே சுற்றின. மறுநாள் அவற்றைக் காணோம்.

ஆடுகளை விற்றோம். அந்த வேலிக்கே உங்களைக் காவலுக்குக் கூப்பிட்டார்கள். "வேற எங்க புள்ள போறது?" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

ஒரு மத்தியானம் உங்கள் அண்ணன் கம்பியை விலக்கித் தன் ஆடுகளை உள்ளே விட்டிருந்தார். உங்களுக்குச் சோறு கொண்டுவந்த நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணா, ஓட்டிக்கிட்டுப் போயிருங்க" என்றீர்கள்.

"இது யாரு காடு சாமி?"

"நம்முளுதுதானுங்க. இப்ப இல்லீங்க."

அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். அதன்பின் நம் வீட்டுப் படி ஏறவில்லை. நீங்கள் அன்று சோற்றைத் தொடவில்லை.

கோடையில் டேங்கர் லாரி வராமல் கன்றுகள் காய்ந்தன. நம் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினீர்கள். விடுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"இதுவும் செத்துப்போச்சுன்னா, நம்ம ஆடு போனதுக்கு அர்த்தமே இல்ல புள்ள" என்றீர்கள்.

குடத்தோடு வேலியோரம் விழுந்து கிடந்த உங்களை முதலில் பார்த்தவர் அண்ணன்தான். தோளில் தூக்கி வந்தவரும் அவரே. உங்களை அடக்கம் செய்த பிறகு வாசலில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு அவன் மேல கோவம் இல்ல அம்மிணி. அந்தக் கம்பி மேலதான்" என்றார். நான் சரி என்றேன்.

நீங்கள் தண்ணீர் ஊற்றியவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. அதனால்தான் இன்று மறுபடி நடுகிறார்கள். நானும் கூலிக்குப் போனேன். பழைய குழிகளிலேயே புதுக் கன்றுகளை வைத்தோம்.

வெயில் உச்சிக்கு வந்ததும் என்னை அறியாமல் நாக்கைத் தட்டி, ஆடுகளைத் தண்ணீருக்குக் கூப்பிடும் சத்தத்தைக் கொடுத்துவிட்டேன். கூட வேலை செய்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எதுவும் வரவில்லை. நான் குனிந்து அடுத்த குழிக்கு மண் தள்ளினேன்.