பேச்சியின் படிப்பும் மூன்று ஷிப்ட் ரோஜாவும்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். ஒரகடம் ரோட்டில் லாரிப் புழுதி, துவைத்துப் போட்ட யூனிஃபார்ம் மறுபடி அழுக்கு. என் தங்கை பேச்சி சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியாச்சு. ஒரு பையில் துணி, இன்னொரு பை நிறைய அம்மாவின் முறுக்கு. என்னை நலம் விசாரிக்கும் முன்னால் மாடியில் வாடிக் கிடந்த ரோஜாத் தொட்டியை விசாரித்தாள். கழுதை.

விஷயம்: தோட்டக்கலை டிகிரிக்கு இடம் கிடைத்திருக்கிறது. கவர்மென்ட் இல்லை, தனியார். நாலு வருடம். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் என் சேமிப்பிலிருந்துதான். வெள்ளிக்கிழமைக்குள் கட்டணும். அப்பா போனில், "அந்தப் படிப்புக்கு என்ன வேலன்னு நாலு பேருட்ட கேளு. சரிவரலன்னா உங்கூடவே கம்பெனில சேத்து வுட்டுரு."

முடிவு என் தலையில். நல்லாயிருக்கு கதை.

ஜூலை 15, செவ்வாய்

B ஷிப்ட். மதியம் வேலைக்குப் போகும் முன் விசாரணை.

– எங்கள் கம்பெனி புல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் காண்டிராக்ட் சூப்பர்வைசர்: "புல்லு வெட்றதுக்கு டிகிரி இன்னாத்துக்கும்மா?"

– படப்பை நர்சரிக்காரர்: புது வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் செடி வாங்குகிறார்களாம், வியாபாரம் ஜோராம். அப்போ படித்த பொண்ணுக்கு வேலை தருவீங்களா என்றேன். "அந்த சம்பளம்லாம் நமக்குக் கட்டாதும்மா. சொந்தமா நர்சரி வெச்சா பொழச்சிக்கலாம்." வைக்கக் காசு? சிரித்தார்.

– ரூம்மேட் ஜெனியின் பெரியம்மா மகள் இதையே படித்தவள். பரீட்சை எழுதி பேங்கில் இருக்கிறாள், நல்ல சம்பளம். செடியைத் தொட்டே நாளாச்சாம்.

மண்டை காய்கிறது.

வீட்டு ஓனரம்மா துணி எடுக்க மாடிக்கு வந்தார். "இன்னாம்மா, உன் தங்கச்சி செடியாண்டயே குந்திகினு கீது? சோறு துன்னுச்சா?"

ஜூலை 16, புதன்

ரோஜாவுக்கு என்ன நோய் என்று தெரிந்துவிட்டது. வெட்கக்கேடு.

நான், ஜெனி, சத்யா. ஒரே ரூம், வேறு வேறு ஷிப்ட். ஒருத்தி வரும்போது இன்னொருத்தி தூக்கம், மற்றவள் வேலையில். ஷிப்ட் முடிந்து வருகிற ஒவ்வொருத்தியும் 'பாவம், யாரும் ஊத்தியிருக்க மாட்டாளுக' என்று ஒரு மக் தண்ணீர். தினமும் இதே கூத்து.

பேச்சி செடியைப் பிடுங்கிக் காட்டினாள். வேர் கறுத்துப்போய் ஒரே அழுகல் நாற்றம்.

"வாடிருக்குன்னு ஊத்திருக்கிய. ஊத்துனதாலதான்க்கா வாடிருக்கு."

"பொழைக்குமாட்டி?"

"பொழைக்காது."

முகத்துக்கு நேரே. ஆறுதலுக்குக்கூட ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் பச்சை மிச்சமிருந்த குச்சிகளை வெட்டி, பால் பாக்கெட் கவர்களில் மண் போட்டு நட்டாள். ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி: சத்யா, ஜெனி, அக்கா. "அவங்கவங்க செடிக்கு அவங்கவங்க ஊத்துங்க. அடுத்தவ செடியத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்."

சத்யா வந்து பெயரைப் பார்த்ததும் கவரைத் தூக்கி வைத்து ஒரே கொஞ்சல். சோறு கூட வைக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

எழுதக் கை வரவில்லை. அவ்வளவு கோபம்.

நேற்று நான் வேலைக்குப் போனதும் பேச்சி ஷேர் ஆட்டோ ஏறி இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிருக்கிறாள். ஏதோ ஒரு கம்பெனி இன்டர்வியூ. செலக்ட். திங்கட்கிழமை சேரணும். சத்யா வாய் தவறிச் சொல்லித்தான் எனக்கே தெரியும். என் போன் நம்பரை வேறு கொடுத்திருக்கிறாள்.

"ஏட்டி, ஒன்ன யாரு போவச் சொன்னா?"

"நீ மட்டும் எத்தன வருசம்க்கா நின்னுக்கிட்டே இருப்ப? தூக்கத்துல காலப் புடிச்சிக்கிட்டுப் பொலம்புத."

கம்பெனி லைனில் ஷிப்ட் முழுக்க நின்றேதான் வேலை, உட்கார முடியாது என்பதை வீட்டில் ஒருநாளும் நான் சொன்னதில்லை.

யார் படிக்கப் போகிறார்கள், உள்ளதை எழுதிவிடுகிறேன். எனக்கு இவள் மேல் பொறாமை. நான் பிளஸ் டூ முடித்த வருடம் கம்பெனி ஆட்கள் ஊருக்கே வந்து வேலை கொடுத்தார்கள், ஏறி வந்துவிட்டேன். உனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முழித்திருப்பேன். இவளுக்குத் தெரிகிறது. அழுகின வேரை முகர்ந்து பார்த்து சந்தோஷப்படுகிற பைத்தியத்தை லைனில் நிறுத்தி ஸ்க்ரூ போடச் சொல்லவா? மாட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

லேசான தூறல். ஃபீஸ் கட்டியாச்சு! ஆன்லைன் சொதப்பி, சுற்றிச் சுற்றி, ஒருவழியாகப் போனது. பேச்சி ஒரு பாட்டம் அழுதாள். துணைக்கு நானும்.

லீவு சொல்லிவிட்டு வல்லக்கோட்டை. முருகனிடம் என்ன வேண்டினாய் என்றால் சொல்ல மாட்டாளாம். வரும் வழியெல்லாம் அடுத்தவர் வீட்டு வாசல் செடிகளைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். என் தங்கம்.

அப்பாவுக்குப் போன். கட்டிட்டேம்பா என்றேன். "சாப்ட்டியாம்மா?" என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

இனி ஓவர்டைம் ஒன்றையும் விடக்கூடாது. புது போன் அடுத்த வருடம். கால் வலிக்குத் தைலம் வாங்கணும்.

ஜூலை 21, திங்கள்

வெயில். பேச்சி நேற்று ஊருக்குப் போய்விட்டாள். ரூம் வெறிச். ஜெனியின் கவரில் மண் காய்ந்திருந்தது. கை பரபரத்தது. தொடவில்லை.

B ஷிப்டுக்குக் கிளம்பும்போது போன். அந்த இன்டர்வியூ கம்பெனி ஆள்.

"பேச்சியம்மாளோட அக்காவாம்மா? இன்னிக்கு ஜாயினிங், ஆளக் காணோமே?"

"அவ வர மாட்டா சார். காலேஜ் போறா."

"இன்னா படிப்பு?"

"தோட்டக்கலை."

"அது படிச்சா இன்னா வேல கெடைக்கும்?"

ஒரு வாரமாக ஊரெல்லாம் நான் கேட்டுத் திரிந்த கேள்வி.

"தெரியல சார். அவளுக்குப் புடிச்சிருக்கு."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை.

"எந்தக் காலேஜும்மா? எம் பொண்ணும் அத்ததான் படிப்பேன்னு ஒரே அடமா கீது."

சொன்னேன். மெதுவாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். கம்பெனி பஸ் ஹாரன். மீதி அப்புறம்.