அரைப்பேர்

ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்த என் அம்மா பேச்சியம்மாவுக்கு,

நீ பொய் சொன்னாய். எனக்குப் பத்து வயது. பதுளையில் வயலின் டீச்சர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு சொன்னாய். "உங்கட வீட்டில ஆரும் பாடுறவையோ?" என்று அந்த யாழ்ப்பாணத்து டீச்சர் கேட்டார். நீ முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எங்க வீட்டுல யாருக்குங்க பாட்டு தெரியும்" என்றாய். நான் அதை நம்பினேன். பதினாறு வருடம் நம்பினேன்.

உன் கருமாதி அன்றுதான் பொய் உடைந்தது. உன்னோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த செல்லம் அத்தை, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவள், நடுவில் சிரித்துவிட்டாள். "ஒங்கம்மா கட்டுற பாட்டுக்குக் கணக்கப்பிள்ள பயந்து சாவான்டி" என்றாள். என்ன பாட்டு என்று கேட்டேன். அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு பாடினாள்.

அப்பன் வச்ச முழுப்பேர
அரைப்பேரா வெட்டினியே

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்தின் நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் அரைப்பேர்தான் விழும். விடிந்ததிலிருந்து மழையில் நனைந்தவள் அரை மனுஷியாக வீட்டுக்குத் திரும்புவாள். அதை இரண்டே வரியில் நீ சொல்லியிருக்கிறாய். நான் அன்று சாப்பிடவில்லை.

பாட்டு கணக்கப்பிள்ளையின் காதுக்குப் போனதாம். மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில், எல்லோரையும் நிற்கவைத்து, யார் கட்டியது என்று கேட்டாராம். "யாரோ பாடினதுங்க, பழைய பாட்டு" என்று நீ சொன்னாயாம். அப்படியும் உன்னை மூன்று மாதம் அட்டை கடிக்கிற ஓரத்து மலைக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு நீ அந்தப் பதிலை மாற்றவே இல்லை. டீச்சரிடமும் அதே பதில், என்னிடமும் அதே பதில். உன் பயம் அவ்வளவு பெரியதா? இல்லை, பாட்டுக் கட்டுகிறவளின் மகள் என்று தெரிந்தால் என்னையும் ஓரத்து மலைக்கு அனுப்புவார்கள் என்று நினைத்தாயா?

இங்கே லயத்து வீட்டு வரிசையில் நம் ஒற்றை அறைக் காம்பரா அப்படியேதான் இருக்கிறது. தகரம் பறக்காமல் கல் வைத்திருக்கிறோம். உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன கொழுந்து லொறியில்தான் இன்னும் எல்லோரும் போகிறார்கள். நான்தான் மாறிவிட்டேன்.

நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். ஹாலிஎலயில் கோயில் திருவிழா, லுணுகலையில் கல்யாணம், பதுளையில் நடன அரங்கேற்றம். பாடுகிறவர் எங்கே போகிறாரோ அங்கே பின்னாலேயே வில்லை இழுத்துக்கொண்டு போக வேண்டும். நன்றாகவே போனேன். ஆனால் உன் இரண்டு வரி வந்த பிறகு கை சொன்னபடி கேட்கவில்லை. ஒரு நாள் லுணுகலை பஸ்ஸில், மடியில் வயலின் பெட்டியோடு உட்கார்ந்திருந்தபோது, அடுத்த அடி தானாக வந்து விழுந்தது.

மிச்சப்பேர எங்க வச்ச
மேசைக்குள்ள பூட்டினியா

இறங்குவதற்குள் இன்னும் நான்கு அடி வந்தது. நல்ல பாட்டு, அம்மா. எனக்குத் தெரியும்.

போன மாதம் பதுளையில் ஒரு கலை விழா. அதில் இந்தப் பாட்டைப் பாட ஒப்புக்கொண்டிருந்தேன். அச்சடித்த தாளில் "மலையகத்து மரபுப் பாடல், வயலின்: கலைவாணி" என்று இருந்தது. விழாவை நடத்திய அதிகாரியிடம் போனேன். அவரும் லயத்தில் பிறந்தவர்தான். எனக்குக் கோபமே அதனால்தான்.

"மரபுன்னு போட்டாத்தாம்மா ஒரு மதிப்பு" என்றார்.

"மரபு எந்த லயத்துல இருக்குங்க? எத்தனையாவது காம்பரா? மூணாவது வரியிலேருந்து நான் கட்டினதுங்க."

சிரித்துவிட்டார். பேனாவை எடுத்துத் தன் தாளில் பாடல் என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினார். பிறகு நிமிர்ந்து, "மொத ரெண்டு வரி?" என்றார்.

"எங்கம்மா கட்டினது."

"அவங்களே சொன்னாங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன். அவர் முதல் இரண்டு வரிக்கு மட்டும் மரபு என்று எழுதினார். உனக்கு அரைப்பேர்கூட விழவில்லை.

மேடையில் நடந்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். முன்னால் வரும் இசையை வாசித்து முடித்துவிட்டு, வில்லைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். பாடுகிறவர் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். இத்தனை வருடப் பழக்கம். மண்டபமே என்னைப் பார்க்கிறது, நான் பக்கத்தில் இருந்த வெறும் மைக்கைப் பார்க்கிறேன். மூன்றாவது வரிசையிலிருந்து செல்லம் அத்தை கத்தினாள்: "யாரடி பாக்குற? நீதான் பாடணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் உன் முதல் அடியை எடுத்தேன். நான் பாட, என் வயலின் எனக்குப் பின்னால் வந்தது. பின் வரிசையில் கொழுந்தெடுக்கிறவர்கள் "மிச்சப்பேர எங்க வச்ச" என்று திருப்பிப் பாடினார்கள். அந்த அதிகாரியும் வாயசைத்தார்.

இப்போது அந்தப் பாட்டைப் பதிவு செய்யப் போகிறோம். பாடல் எழுதியவர் பெயரைக் கேட்டு அந்த அதிகாரி ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். செல்லம் அத்தை சாட்சி சொல்லிப் பார்த்தாள். "பாட்டக் கேட்டவங்க சொன்னா பத்தாதுங்க, கட்டினவங்க சொல்லணும்" என்கிறார். கட்டியவள் கடைசிவரை இல்லை என்றே சொன்னவள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி நான் கட்டுகிற எந்தப் பாட்டும் "யாரோ" என்ற பெயரில் வெளியே போகாது. எந்தப் பெரட்டில் யார் கேட்டாலும் நான்தான் என்பேன். ஓரத்து மலைக்கு அனுப்பினால் அங்கேயும் பாடுவேன்.

படிவத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். அதற்கு மேலே ஒரு கோட்டை வெறுமையாக விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். இங்கே கணக்கப்பிள்ளை இல்லை, டீச்சர் இல்லை, நான் மட்டும்தான் இருக்கிறேன். "நான்தான் கட்டுனேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லு.

உன் மகள்,
பேச்சியம்மா கலைவாணி