சுந்தராம்பாளின் காலளவு

சேரப்பணஞ்சேரி,
14-9-1967

அன்புள்ள சுந்தராம்பாளுக்கு, பலராமன் எழுதிக்கொண்டது. எல்லாரும் சுகம் என்று எழுதக் கை கூசுகிறது.

இதை உன் அப்பா படித்துக் காட்டுவார். மாமா, வாய்க்குள் முணுமுணுக்காமல் உரக்கவே படியுங்கள். உங்கள் மகளை ஊர் பார்க்க அவமானப்படுத்தினவன் நான். என் மானம் போவதையும் நாலு பேர் கேட்கட்டும்.

பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. ஏரியில் பாதித் தண்ணீர். நீ கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போன பிறகு என் தங்கச்சி பாப்பம்மாள்தான் நடவுக்குப் போனாள். போன மாதம் அடுப்படிச் சுவரைச் சுரண்டி மண் தின்றாள். முகம் உன்னைப் போலவே வெளுத்துக் கிடந்தது. உடனே வண்டி கட்டி ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நீ அதே சுவரைச் சுரண்டியபோது பேய் என்று சொல்லிப் பூசாரியை விட்டு வேப்பிலையால் அடிக்க வைத்தேன். தங்கச்சிக்கு டாக்டர், பெண்டாட்டிக்குப் பூசாரி. நானும் ஒரு மனுஷன்.

மலத்தைச் சோதித்துக் கொக்கிப்புழு என்றார் டாக்டரம்மா. குடலைக் கவ்வி ரத்தம் குடிக்குமாம். ரத்தம் குறைந்தால் மண் தின்னத் தோன்றுமாம். உனக்கு மூன்று வருஷம் டானிக் வாங்கிக் கொடுத்ததைச் சொன்னேன். “ஓட்டைப் பானையில எத்தினி குடம் ஊத்துவ? ஓட்டைய அடைக்க வேணாமா?” என்றார். நாம் வெளிக்குப் போகிற ஏரிக்கரை மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாகப் புழு ஏறுகிறதாம்.

வெறுங்கால் என்றதும் உன் பேச்சுதான் ஞாபகம் வந்தது. விரலிடுக்கெல்லாம் அரிக்கிறது, ஒரு ஜோடி செருப்பு வேண்டும் என்று நீ கேட்டாய். களத்தில் அத்தனை ஆட்களும் இருக்க, “இன்னா, கலெக்டர் பொண்டாட்டியா நீ? மருதாணி அரைச்சு வெச்சிக்கினு வேலையப் பாரு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது என் காலில் செருப்பு இருந்தது.

பாப்பம்மாள் மருந்து தின்று தேறி வருகிறாள். கொல்லையில் கக்கூஸுக்குக் குழி வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஊரார் கேலி பேசுகிறார்கள், பேசட்டும். டாக்டரம்மா உனக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார், உள்ளே வைத்திருக்கிறேன். அங்கேயே ஆஸ்பத்திரியில் காட்டு, தள்ளிப்போடாதே.

படப்பையில் செருப்புக் கடைக்குப் போனேன். அளவு கேட்டார்கள். ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு உன் காலளவு தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்துவிட்டேன்.

வல்லக்கோட்டை முருகன் உன் உடம்பில் ரத்தம் ஊற வைக்கட்டும். திரும்பி வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. ஒரு காகிதத்தில் பாதத்தை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. நீ வராவிட்டாலும் அதை மட்டும் அனுப்பு.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
பலராமன்