அதிபரின் கையை விடாத நாள்

ஜனவரி 4
என் உரையில் திருச்சபைத் தலைமையகம் கத்தரி போட்டிருக்கிறது. புத்தாண்டு வரவேற்பில் எல்லாத் தூதர்கள் சார்பிலும் போப்பாண்டவரின் தூதர்தான் பேச வேண்டும் என்பது இங்கே வழக்கம். ஆகவே அதிபரை வாழ்த்தும் பாக்கியம், உலகமகா பேராயராகிய எனக்கு. பதினாறு வரி எழுதினேன். சிறையில் இருக்கும் நம் பங்குச் சாமியாரைப் பற்றி ஒரே ஒரு வரி. அதுதான் போயிற்று. மிச்சம் பதினைந்தும் நட்பு, நல்லுறவு, வெங்காயம்!

சாமியார் செய்த குற்றம், காணாமலாக்கப்பட்டவர்களின் பெயர்களைப் பூசையில் வாசித்தது. இரண்டு மாதமாக உள்ளே. சர்க்கரை நோயாளி. ஊசி போடுகிறார்களா என்றுகூடத் தெரியவில்லை.

ஜனவரி 5
மேசையைக் குத்தினேன். ஏழு துண்டாகச் சிதறியது. (சரி, மைப்புட்டி கவிழ்ந்தது.) செயலர் ஓடி வந்தார்.

"பேராயர் ஆண்டவரே, மௌனமும் ஒரு ராஜதந்திரம்தானே?"

"அப்போ எனக்குப் பதிலா அந்தப் பூந்தொட்டிய அனுப்புங்க. தண்ணி ஊத்தினா போதும்."

ஜனவரி 6
முப்பத்தொரு வருடம், ஏழு நாடு. விருந்துகளில் சிரித்துச் சிரித்து என் கன்னச் சதை தனியாக ஓய்வூதியம் கேட்கிறது. எங்களைப் போன்ற தூதர்களுக்குப் பெயருக்கு ஓர் அழிந்த நகரத்தின் பேராயர் பட்டம் தருவார்கள்; எனக்கு வாய்த்த நகரம் மணலுக்குள் போய் ஆயிரம் வருடம். என் மந்தை, நாலு தேள்.

யாரையாவது காப்பாற்றியிருக்கிறேனா? ஒருத்தரை? சொல்லேன்டா, பெரிய மனுஷா.

ஜனவரி 8
உரையை எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்தவனாயிற்றே. பிறகு கைகுலுக்கும் வரிசை. ஆளுக்கு ஒரு நிமிடம், முதல் ஆள் நான். அதிபர் கை கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்தேன். விடவில்லை. எதிரே கேமராக்கள். அவரால் உருவவும் முடியவில்லை, முறைக்கவும் முடியவில்லை.

"எங்க சாமியார எப்ப விடுறீங்க?" சிரித்தபடிதான் கேட்டேன்.

"பாக்கலாம்."

"கிழமை சொல்லுங்க."

பின்னால் அறுபது தூதர்கள் இருமுகிறார்கள். நாலு நிமிடம், எனக்கு நானூறு வருடம்.

"அடுத்த வியாழன்," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. விட்டேன்.

ஜனவரி 9
தங்கை மகள் போனில்: "மாமா, டிவில பாத்தோம். அந்தாளு கைய பஸ் கம்பின்னு நெனச்சீங்களா?"

ஜனவரி 12
தலைமையகத்திலிருந்து இரண்டே வரி. ஆவணக் காப்பகத்துக்கு மாற்றம், சனிக்கிழமை விமானம். காப்பகம்! கோப்போடு கோப்பாக என்னையும் அடுக்கப்போகிறார்கள். பேசச் சொன்னபோது வெட்டினீர்கள், கை கொடுத்ததற்கும் தண்டனையா? நான் என்ன, கழுத்தையா பிடித்தேன்?

ஜனவரி 15
விட்டுவிட்டார்கள். சாமியார் நேரே இங்கே வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நன்றி சொல்வார் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் உட்காரவே இல்லை.

"ஜெயில்ல என் அறையில இன்னும் பதினோரு பேர் இருக்காங்க, ஆண்டவரே. அவங்களுக்கு யாரு கேப்பா?"

கோபம் பொங்கியது. அவர் மேல் இல்லை.

அவர் சொல்லச் சொல்லப் பதினோரு பெயரையும் எழுதிக்கொண்டு, அதிபர் மாளிகைக்கு வண்டியை எடுக்கச் சொன்னேன். செயலர் என் மேலங்கியையும் தன்னுடையதையும் எடுத்து வந்தார்.