இரண்டு நாள் பட்டினி

ருவான்வெல்லை

அன்புள்ள கலாவுக்கு,

பிள்ளைகள் சுகம். குவைத்தில் உன் மேடம் வெள்ளிக்கிழமை மட்டும் போன் தருகிறாள். அதில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

மழையால் ரப்பர் பால்வெட்டு இல்லை. நம் ஆற்றில் புலத் ஹப்பயா பிடித்து, கொழும்புக்கு மீன் ஏற்றும் வேன்காரருக்குக் கொடுக்கிறேன். வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்திருக்குமே, அந்த மீன்தான். வெளிநாட்டு வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் வைப்பார்களாம்.

பையில் அடைப்பதற்கு முன் இரண்டு நாள் தீனி போடக் கூடாது என்று வேன்காரர் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் பேசினுக்குள் அவை வாயைத் திறந்து திறந்து என்னையே பார்த்தன. பிளேன் ஏறிய அன்று நீயும் ஒரு வாய் சாப்பிடாமல்தான் போனாய். மனசு கேட்கவில்லை. ஒரு பிடி சோறு போட்டுவிட்டேன்.

கொழும்பு போவதற்குள், தின்றதை அவை கழித்ததில் பைத் தண்ணீர் நாறி, அத்தனையும் செத்துப்போயின.

"பாவம் பாத்து நீயே கொன்னுட்டியேப்பா," என்றார் வேன்காரர். "சரி, விடு. நாளைக்கு மறுபடி அவ்வளவும் புடிச்சுக் குடு."

மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பிடித்தேன். இந்தத் தடவை ஒன்றும் போடவில்லை.

நீ துணி துவைக்கும் கல்லடியில் இப்போது மீனே இல்லை. காலைக் கடிக்குது என்று கத்துவாயே, இனி நிம்மதியாக நிற்கலாம்.

போனில் கேட்டால் "சாப்புட்டேங்க" என்கிறாய். நிஜமாகவே சோறு போடுகிறார்களா?

உன் வீட்டுக்காரன்